டெக்சாஸில் வீச்சு வலை, நண்டு, பன்றி வேட்டை: எதற்கு லைசென்ஸ், எது குற்றம்?

கேட்டிவாசி (கேள்வி)

வணக்கம். ஹூஸ்டன் பக்கம் இருக்கிறோம், டெக்சாஸ் வந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. எனக்கு எச்1பி விசா. ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், அப்பாவுக்கு 68 வயது. பையனுக்கு 12. அப்பா வீச்சு வலை வீசுவதில் கைதேர்ந்தவர், வரும்போது வலையையும் கொண்டுவருவதாகச் சொல்கிறார். ஏரியில் ஜிலேபி, கெளுத்தி பிடிக்க வேண்டும், கால்வெஸ்டன் போய் நண்டு பிடிக்க வேண்டும் என்பது திட்டம். யாருக்கெல்லாம் லைசென்ஸ் வேண்டும்? வலை வீசலாமா? அதோடு, அலுவலக நண்பர் ஒருவர் தன் பண்ணையில் காட்டுப்பன்றி சுடக் கூப்பிடுகிறார், அதற்கு லைசென்ஸே தேவையில்லை என்கிறார். உண்மையா? இங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம் என்பதால் குழப்பமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏரிக்கரை

லைசென்ஸை முதலில் முடித்துவிடுவோம் சகோ.

17 வயது நிறையாதவர்களுக்கு மீன்பிடி லைசென்ஸ் தேவையில்லை. ஆகவே பையனுக்கு வேண்டாம். ஆனால் மீனின் அளவுக்கும் எண்ணிக்கைக்குமான வரம்பு அவனுக்கும் பொருந்தும்.

நீங்கள் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் டெக்சாஸில் வசிப்பதால் மாநிலவாசிக் கட்டணம்தான். நன்னீருக்கு 30 டாலர், கடலுக்கு 35, இரண்டுக்கும் சேர்த்து 40. நண்டும் பிடிக்கப் போகிறீர்கள் என்பதால் 40 டாலர் எடுப்பதே சரி. ஒன்றைக் கவனியுங்கள்: எந்த மாதம் வாங்கினாலும் இந்த லைசென்ஸ் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். புது ஆண்டுக்கானது ஆகஸ்ட் 15 முதல் விற்பனைக்கு வரும். நடு வருடத்தில் வாங்குகிறவர்களுக்கு 47 டாலருக்கு வேறொன்று இருக்கிறது, வாங்கிய நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும்.

அப்பா அம்மா விஷயத்தில்தான் பலர் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். 65 வயது தாண்டியவர்களுக்கான சலுகைக் கட்டணம் மாநிலவாசிகளுக்கு மட்டும். இந்தியாவிலிருந்து வந்திருப்பவர் வெளியாள். அவருக்கு ஒருநாள் லைசென்ஸ் 16 டாலர், அது நன்னீர் கடல் இரண்டுக்கும் செல்லும். ஏரிக்கு மட்டும் நான்கு நாள் போவதென்றால் 64 டாலர் ஆகிவிடும். அதற்கு 58 டாலர் நன்னீர் ஆண்டு லைசென்ஸே மேல். கடலும் சேர்த்து என்றால் 68. அம்மா கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் எதுவும் வேண்டாம். தூண்டிலைக் கையில் வாங்கிவிட்டால் அவரும் மீன் பிடிப்பவர்தான்.

செலவே வேண்டாம் என்றால் மாநிலப் பூங்காக்களுக்குப் போகலாம். பிரேசோஸ் பெண்ட், ஷெல்டன் லேக் மாதிரி இடங்களில் பூங்காக் கரையிலிருந்து பிடிக்க யாருக்கும் லைசென்ஸ் வேண்டாம், நுழைவுக் கட்டணம் இருந்தால் அது மட்டும். பிரேசோஸ் பெண்ட்டில் முதலைகள் தாராளமாக உண்டு. பிடித்த மீனைத் தண்ணீரில் கோத்துத் தொங்கவிடாதீர்கள், பையனைத் தண்ணீர் ஓரத்தில் தனியே விடாதீர்கள்.

வலைவீச்சு

ஏரிக்கரை சொன்னதில் ஒரு முக்கியமான கண்ணி இருக்கிறது. லைசென்ஸ் கேட்காத பூங்காக் குளங்களிலும், நகராட்சிப் பூங்காக்களில் இருக்கும் சமுதாய மீன்பிடி ஏரிகளிலும் தூண்டில் மட்டும்தான், அதுவும் ஆளுக்கு இரண்டு. அங்கே வலையை விரிக்கக் கூடாது. வலை வீச வேண்டுமென்றால் கான்ரோ, லிவிங்ஸ்டன் போன்ற பொது ஏரிகளுக்குப் போக வேண்டும், அங்கே அப்பாவுக்கு லைசென்ஸ் வேண்டும்.

அடுத்தது வலையின் அளவு. டெக்சாஸில் வீச்சு வலையின் விட்டம் 14 அடியைத் தாண்டக் கூடாது. இங்கே கடைகளில் வலையை ஆரத்தில் குறித்து விற்கிறார்கள். டப்பாவில் 7 அடி என்றிருந்தால் விட்டம் 14 அடி, சரி. 8 அடி என்று இருந்தால் 16 அடி, குற்றம். ஊர் வலை பெரும்பாலும் இதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். கிளம்புவதற்கு முன்பே அப்பாவை உச்சிக் கயிற்று முடிச்சிலிருந்து ஈயக்குண்டு விளிம்புவரை இழுத்து அளக்கச் சொல்லுங்கள். 7 அடிக்கு மேல் இருந்தால் ஊரிலேயே விட்டுவிட்டு வரட்டும், இங்கே புதிது வாங்கிக்கொள்ளலாம்.

இதையெல்லாம்விட முக்கியமானது இனி வருவது. நன்னீரில் வீச்சு வலையால் எடுக்கக்கூடியவை 'கேம் ஃபிஷ்' (சட்டம் தனியாகப் பாதுகாக்கும் மீன் இனங்கள்) பட்டியலில் இல்லாத மீன்கள் மட்டும்: ஜிலேபி, கெண்டை, ஷேட், நன்னீர் டிரம், பஃபலோ மாதிரி. நம் ஊர்க் கண்ணுக்குக் கெளுத்தி சாதாரண மீன். டெக்சாஸ் சட்டத்தில் சேனல், ப்ளூ, ஃப்ளாட்ஹெட் ஆகிய மூன்று கெளுத்தியும் கேம் ஃபிஷ். பாஸ், கிராப்பி, ஒயிட் பாஸ் எல்லாமும் அப்படியே. வலையில் வந்தால் உயிரோடிருந்தாலும் செத்திருந்தாலும் உடனே தண்ணீரில் விட வேண்டும். போட்டோ எடுப்பதற்காக வாளியில் போட்டு வைப்பதும் வைத்திருப்பதாகத்தான் கணக்கு. இந்த மீன்களைத் தூண்டிலில் பிடித்தால் பிரச்சினை இல்லை. அதனால் வலையும் தூண்டிலும் ஒரே நாளில் போடுவதாக இருந்தால் கெளுத்திக்கு ஒரு பெட்டி, வலை மீனுக்கு ஒரு பெட்டி என்று தனித்தனியாக வையுங்கள். கேம் வார்டனுக்கு (மீன்பிடி, வேட்டைச் சட்டங்களைக் கண்காணிக்கும் அதிகாரி) பெட்டியைத் திறந்து பார்க்க அதிகாரம் உண்டு. வலைப் பக்கத்தில் கெளுத்தி கிடந்தால் தூண்டிலில் வந்தது என்று விளக்கிக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

ஜிலேபிக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. ஆனால் அது வெளிநாட்டு இனம், உயிரோடு வைத்திருக்கக் கூடாது. பிடித்த கையோடு கரையிலேயே குடலை எடுத்துவிட்டு ஐஸில் போடுங்கள். உயிரோடு வாளியில் வீட்டுக்குக் கொண்டுபோவதோ, வேறு குளத்தில் விடுவதோ வேண்டவே வேண்டாம். குளிர் தாங்காத மீன் என்பதால் மின்நிலையங்களின் சுடுதண்ணீர் விழும் ஏரிகளில்தான் வருடம் முழுக்க நிலைத்திருக்கும்.

ஊர்க்காரர்கள் ஆசைப்படும் விரால் இந்த மாநிலத்தில் தடைசெய்யப்பட்ட இனம். உயிருள்ள விராலைக் கொண்டுவருவதற்கும் மாநிலம் கடத்துவதற்கும் 2002 முதல் மத்திய அரசின் தடையும் உண்டு. குஞ்சு கொண்டுவந்து வளர்க்கலாமா என்று யாராவது கேட்டால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கேட்டிவாசி

நல்லவேளை கேட்டேன், வலையை இன்றே அளக்கச் சொல்கிறேன். ஒரு சந்தேகம்: எல்லா மீனையும் கரையிலேயே தலை வெட்டிச் சுத்தம் செய்துவிட்டால் வீட்டில் நாற்றம் இருக்காதே, அப்படிச் செய்யலாமா? கெளுத்தி எத்தனை எடுக்கலாம்?

வலைவீச்சு

தலை வெட்டாதீர்கள். வீடு போய்ச் சேரும்வரை மீனில் தலையும் வாலும் இருக்க வேண்டும் என்பது பொது விதி. தலையில்லாத மீனை அளக்க முடியாது, அளவு விதி இருப்பதே அதில் அர்த்தமிழந்துவிடும். குடல் எடுப்பதில், செவுள் எடுப்பதில் தடை இல்லை. ஆகவே ஜிலேபியோ கெளுத்தியோ, எல்லாவற்றுக்கும் ஒரே பழக்கம் வையுங்கள்: குடல் மட்டும் எடு, தலை வால் அப்படியே, ஐஸ். துண்டு போடுவது வீட்டுச் சமையலறையில்.

சேனல், ப்ளூ கெளுத்தி இரண்டும் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 25, குறைந்தபட்ச நீளம் இல்லை. ஆனால் 20 அங்குலமும் அதற்கு மேலும் உள்ளவை 10-க்கு மேல் கூடாது. சமுதாய ஏரிகளில் 5 மட்டும். ஃப்ளாட்ஹெட் 18 அங்குலத்துக்குக் குறையாமல் 5. லார்ஜ்மவுத் பாஸ் 14 அங்குலம், 5. கிராப்பி 10 அங்குலம், 25. இவை மாநிலப் பொது விதிகள். பல ஏரிகளுக்குத் தனி விதி உண்டு, அங்கே பொது விதிக்குப் பதிலாக அதுதான் செல்லும். டெக்சாஸ் பார்க்ஸ் அண்டு ஒயில்ட்லைஃப் துறையின் 'அவுட்டோர் ஆனுவல்' செயலியில் ஏரியின் பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

அளக்கும்போது மீனைச் சமதளத்தில் பக்கவாட்டில் படுக்கவைத்து, வாயை மூடி, வால் நுனிகளை ஒன்றாகக் கூட்டிப் பிடித்து, மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை பாருங்கள். வால் விரிந்தபடி அளந்தால் கொஞ்சம் குறைவாகக் காட்டும், வாய் திறந்திருந்தாலும் அளவு மாறிவிடும். அளவுக்கு ஒட்டி நிற்கும் மீனை விட்டுவிடுவதே நிம்மதி. சாதாரண மீறலுக்கு அபராதம் 25 முதல் 500 டாலர்வரை; மீனின் மதிப்பு என்று தனியாக ஒரு தொகையும் மாநிலம் கேட்கும்.

உப்புக்காற்று

கடல் பக்கம் நான் சொல்கிறேன்.

நீல நண்டுக்குக் கூண்டே வேண்டாம். கனமான நூலில் கோழிக் கழுத்தைக் கட்டி ஆழமில்லாத இடத்தில் போடுங்கள், நூல் இறுகியதும் மெதுவாக இழுத்து, நண்டு கண்ணில் தெரியும் தூரத்துக்கு வந்ததும் கைவலையைக் கீழிருந்து கொடுங்கள். மேலிருந்து அமுக்கினால் இரையை விட்டுவிட்டு ஓடிவிடும். ஓட்டின் இரு பக்க முள் நுனிக்கு நுனி 5 அங்குலம் இருக்க வேண்டும். வயிற்றில் மஞ்சள் பஞ்சு மாதிரி முட்டை வைத்திருக்கும் சினை நண்டை எடுக்கக் கூடாது. நம் சமையலில் அதற்கு மவுசு அதிகம் என்பதால் அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கூண்டுதான் போடுவேன் என்றால் ஆளுக்கு 6 வரை. ஒவ்வொன்றிலும் பெயர், முகவரி, போட்ட தேதி எழுதிய அடையாள அட்டை, குட்டி நண்டு வெளியேற துளைகள், கூண்டு தொலைந்துபோனால் தானாக மக்கித் திறக்கும் பகுதி, வெள்ளை மிதவை எல்லாம் இருக்க வேண்டும். அந்த மக்கும் பகுதிதான் எனக்கு இந்தச் சட்டத்தில் பிடித்த பகுதி: கயிறறுந்து அடியில் கிடக்கும் கூண்டு அது இல்லாவிட்டால் மாதக்கணக்கில் நண்டைக் கொன்றுகொண்டே இருக்கும். பிப்ரவரியின் மூன்றாவது வெள்ளிக்கிழமை தொடங்கி 10 நாள் கூண்டே கூடாது. அந்த நாட்களில் தண்ணீரில் கிடப்பதைத் தொண்டர்கள் அள்ளிவிடுவார்கள்.

கடலில் வீச்சு வலை, இரைக்காக மடவை பிடிக்க மட்டும் உதவும். அக்டோபர் முதல் ஜனவரிவரை 12 அங்குலத்துக்கு மேற்பட்ட மடவையை எடுக்கக் கூடாது, அது முட்டையிடக் கடலுக்குப் போகும் பருவம். தூண்டிலில் ரெட் டிரம் 20 முதல் 28 அங்குலத்துக்குள் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3. ஸ்பெக்கிள்ட் ட்ரவுட் விதி 2024 மார்ச்சில் மாறிவிட்டது, 15 முதல் 20 அங்குலத்துக்குள் 3 மட்டும். இணையத்தில் கிடைக்கும் பழைய பட்டியலில் 5 என்று இருக்கும், அதை நம்பாதீர்கள். ஃப்ளவுண்டர் என்ற தட்டை மீனை நவம்பர் 1 முதல் டிசம்பர் 14 வரை பிடிக்கக் கூடாது.

இன்னொன்று, சட்டமில்லை, உடம்பு சம்பந்தப்பட்டது. ஹூஸ்டன் ஷிப் சேனல் பகுதியிலும் கால்வெஸ்டன் விரிகுடாவின் மேல்பகுதியிலும் மீன், நீல நண்டு சாப்பிடுவது பற்றி மாநிலச் சுகாதாரத் துறையின் எச்சரிக்கை இருக்கிறது. டயாக்சின், பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள்கள் காரணம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அங்கே பிடித்ததைத் தொடவே வேண்டாம்.

மேய்ச்சல்நிலம்

பன்றி விஷயத்தில் உங்கள் நண்பர் மாநிலச் சட்டத்தைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். 2019 செப்டம்பர் முதல், நில உரிமையாளர் அனுமதியோடு தனியார் நிலத்தில் காட்டுப்பன்றி வேட்டையாட மாநில லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் அவர் குடிமகனாக இருந்து சொல்கிறார். எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். சும்மா கையில் வாங்கிச் சுடுவதும் இதில் அடங்கும். அதற்கான விலக்குகளில் ஒன்று, ஏதேனும் ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது. மாநிலம் கேட்காவிட்டாலும் உங்களுக்கு அந்த 25 டாலர் லைசென்ஸ்தான் பாதுகாப்பு. அது இல்லாமல் ரைஃபிளைத் தொடாதீர்கள், ஒரு குண்டுக்காக விசாவையே பணயம் வைப்பதாகிவிடும். கிரீன் கார்டு வந்தபிறகு இந்தத் தடை இல்லை.

1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் ஹண்டர் எஜுகேஷன் என்ற வேட்டைப் பாதுகாப்புப் பாடம் முடித்திருக்க வேண்டும். 17 வயது ஆனவர்கள் முழுவதையும் ஆன்லைனிலேயே முடிக்கலாம். பன்றிதானே என்று விடாமல் முடித்துவிடுங்கள், துப்பாக்கியை எங்கே நோக்கிப் பிடிப்பது என்பதே முதல் பாடம்.

பண்ணையில் கூண்டு வைத்துப் பிடிக்கிறார்கள் என்றால் உயிருள்ள பன்றியை வண்டியில் ஏற்றி வேறிடத்தில் விடுவதற்கு உதவப் போகாதீர்கள். அது கால்நடை நோய்ச் சட்டத்தின்கீழ் வேறு வழக்கு.

கேட்டிவாசி

பன்றி இப்போதைக்கு வேண்டாம். கடைசியாக ஒன்று: பக்கத்து வீட்டில் சின்ன மோட்டார் மாட்டிய கயாக் இரவல் தருகிறார்கள். அப்பா பிடித்த மீனை நான் தனி வண்டியில் முன்னால் எடுத்துக்கொண்டு வரலாமா?

ஏரிக்கரை

துடுப்பு மட்டும் உள்ள கயாக்குக்குப் பதிவு வேண்டாம். பேட்டரி மோட்டார் மாட்டிவிட்டால் அது மோட்டார் படகு: பதிவெண் ஒட்டியிருக்கிறதா, பதிவு அட்டை படகில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் மோட்டாரைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டுத் துடுப்புப் போடுங்கள். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் படகில் இருக்க வேண்டும். 13 வயது நிறையாதவர்கள் படகு ஓடும்போது அதைப் போட்டே இருக்க வேண்டும், உங்கள் பையனுக்கு இது பொருந்தும். ஏரியை விட்டுக் கிளம்பும்போது படகிலும் இரை வாளியிலும் உள்ள தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை கொட்டிவிடுங்கள். ஏரிக்கு ஏரி பரவிக் கெடுக்கும் சீப்ரா சிப்பியின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாது, தண்ணீரோடு அடுத்த ஏரிக்குப் போய்விடும்.

மீனை நீங்கள் தனியே கொண்டுபோகலாம், ஒரு துண்டுச் சீட்டு வேண்டும். 'ஒயில்ட்லைஃப் ரிசோர்ஸ் டாகுமெண்ட்' என்பார்கள். அப்பாவின் பெயர், முகவரி, கையெழுத்து, லைசென்ஸ் எண், உங்கள் பெயர், எந்த மீன் எத்தனை, எந்தத் தேதியில் எங்கே பிடித்தது, இவ்வளவும் வெறும் தாளில் கையால் எழுதினாலே போதும். மீன் இருக்கும் பெட்டியோடேயே அந்தத் தாள் இருக்க வேண்டும், நனையாமல் இருக்க ஜிப் பையில் போட்டு மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.