அமெரிக்கா வந்த புதிதில்: இன்சூரன்ஸ் மறுத்தால் விட்டுவிடாதீர்கள்

ஆபீஸில் இன்சூரன்ஸ் பேச்சு வந்தாலே இங்கே உள்ளவர்கள் ஏன் இப்படிக் கொதிக்கிறார்கள் என்று புதிதாக வருகிற பலர் கேட்கிறார்கள். 2024 டிசம்பர் 4 அன்று யுனைட்டட்ஹெல்த்கேர் என்ற பெரிய இன்சூரன்ஸ் கம்பெனியின் தலைமை நிர்வாகி பிரையன் தாம்ப்சன் மன்ஹாட்டனில் ஒரு ஹோட்டல் வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு பிள்ளைகளின் அப்பா. அது கொலை, அதற்கு எந்த நியாயமும் கிடையாது. ஆனால் கம்பெனியின் இரங்கல் பதிவுக்கு ஆயிரக்கணக்கானோர் சிரிப்பு ஈமோஜி போட்டார்கள், அதோடு மறுக்கப்பட்ட ஸ்கேன், நின்றுபோன சிகிச்சை என்று அவரவர் வீட்டுக் கதையையும் எழுதினார்கள். தாய்க் கம்பெனியின் 2024 வருமானம் சுமார் 40,000 கோடி டாலர், அதன் தலைவருக்கு 2023இல் கிடைத்தது 2.3 கோடி டாலருக்கும் மேல். கட்டணத்தை ஒழுங்காகக் கட்டிவிட்டு 'முடியாது' என்ற கடிதம் வாங்குகிறவருக்கு இந்தக் கணக்கு எரிச்சலைத் தராமல் என்ன செய்யும்?

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

மறுப்புக் கடிதம் வந்தால் அதுவே முடிவு இல்லை. ஹெல்த்கேர்.கவ் என்ற அரசுத் தளம் வழியாக விற்கும் திட்டங்களில் 2023இல் நெட்வொர்க்குக்குள் (அதாவது கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர், மருத்துவமனைகளிடமிருந்து) வந்த கிளெய்ம்களில் ஐந்தில் ஒன்று மறுக்கப்பட்டது, மறுக்கப்பட்டவற்றில் அப்பீல் போனது நூற்றில் ஒன்றுகூட இல்லை. நம் ஆட்களும் 'எதற்கு வம்பு' என்று சொந்தக் காசைக் கட்டிவிடுகிறார்கள், அதைப் பார்க்கத்தான் எனக்கு வயிறு எரிகிறது. பெரும்பாலான திட்டங்களில் கடிதம் கிடைத்த 180 நாளுக்குள் அப்பீல் செய்யலாம். காரணத்தை எழுத்தில் கேளுங்கள், அப்புறம் இந்தச் சிகிச்சை ஏன் தேவை என்று உங்கள் டாக்டரிடம் கடிதம் வாங்குங்கள், முடிந்தால் அவரையே இன்சூரன்ஸ் டாக்டரிடம் பேசச் சொல்லுங்கள். அதிலும் மறுத்தால், மருத்துவத் தேவை பற்றிய தகராறுகளில் வெளியார் மறுபரிசீலனை கேட்க நான்கு மாதம் இருக்கிறது, அவர்கள் சொல்வதற்குக் கம்பெனி கட்டுப்பட்டாக வேண்டும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. பெரிய நிறுவனங்களில் பெரும்பாலும் சிகிச்சைச் செலவை முதலாளியே ஏற்கிறார், இன்சூரன்ஸ் கம்பெனி நிர்வாகம் மட்டும்தான். உங்கள் திட்டம் அந்த வகையா என்று ஹெச்ஆரிடம் கேளுங்கள், ஆம் என்றால் அவர்களையே தலையிடச் சொல்லுங்கள். விசா பயத்தில் வாயை மூடிக்கொள்ளாதீர்கள், அப்பீல் போட்டால் விசாவுக்கு ஒன்றும் ஆகாது.

(ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கு எடுக்கிற விசிட்டர் இன்சூரன்ஸ் வேறு கதை. ஏற்கெனவே உள்ள நோய்களை அதில் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள், வாங்கும் முன் படியுங்கள்.)

போனில் பேசும் ஒவ்வொரு முறையும் தேதி, பேசியவர் பெயர், ரெஃபரன்ஸ் எண் மூன்றையும் எழுதி வையுங்கள். அப்பீலில் அவை கட்டாயம் உதவும்.