மலேசியாவில் ஷரியா சட்டத்தின் எல்லையை வகுப்பது யார்?

தாப்பா வாசகர் கேட்கிறார்:

கிளந்தான் சட்டமன்றம் 2019இல் இயற்றிய ஷரியா குற்றவியல் சட்டத்தின் 16 விதிகள் செல்லாதவை என்று கூட்டரசு நீதிமன்றம் 2024 பிப்ரவரி 9 அன்று தீர்ப்பளித்தது. இஸ்லாமே கூட்டரசின் சமயம் என்று அரசியலமைப்பின் 3ஆம் பிரிவு சொல்லியிருக்க, ஒரு தாயும் மகளும் தொடுத்த வழக்கில் ஒரு மாநிலத்தின் இஸ்லாமியச் சட்டத்தை சிவில் நீதிபதிகள் எவ்வாறு நீக்க முடிந்தது? நான் பேசிப் பார்த்தவர்களில் சிலர், இனி ஷரியாவுக்கே இடமில்லை என்கிறார்கள். வேறு சிலர், எல்லாக் குடிமக்கள் மீதும் அது விரைவில் பாயும் என்று அஞ்சுகிறார்கள். இரண்டும் மிகையாகவே படுகின்றன. மேலும், ஷரியா நீதிமன்ற விவகாரங்களில் உயர்நீதிமன்றங்களுக்கு அதிகாரமில்லை என்னும் 121(1ஏ) பிரிவு முஸ்லிம் அல்லாதாரை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்துகிறது என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஈப்போ, ஓய்வுபெற்ற வழக்கறிஞர்:

ஐயா, 3ஆம் பிரிவை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு விடை காண இயலாது. மாநிலங்கள் இஸ்லாமியச் சட்டம் இயற்றும் அதிகாரம் ஒன்பதாம் அட்டவணையின் மாநிலப் பட்டியலிலிருந்து பிறக்கிறது. திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை, வக்ஃபு, ஜகாத் ஆகியவற்றோடு, இஸ்லாமிய நெறிகளுக்கு எதிராக முஸ்லிம்கள் புரியும் குற்றங்களை வரையறுத்துத் தண்டிக்கும் அதிகாரத்தையும் அப்பட்டியல் தருகிறது. ஆனால் கூட்டரசுப் பட்டியலில் அடங்கிய விவகாரங்கள் நீங்கலாக என்ற விலக்கை அங்கேயே சேர்த்துவிடுகிறது. குற்றவியல் சட்டம் கூட்டரசுப் பட்டியலில் உள்ளது. ஆகவே கிளந்தான் வழக்கில் நீதிபதிகள் ஆராய்ந்தது ஒரு செயல் மார்க்கத்தில் பாவமா இல்லையா என்பதை அன்று. அதைக் குற்றமாக்கும் உரிமை கிளந்தான் சட்டமன்றத்துக்கு உரியதா, நாடாளுமன்றத்துக்கு உரியதா என்பதையே. எதிர்க்கப்பட்ட 18 விதிகளில் 16 விதிகள் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் வீழ்ந்தன. இதே அளவுகோலைக் கொண்டுதான் 2021இல் சிலாங்கூர் மாநிலச் சட்டத்தின் 28ஆம் விதியும் ஒன்பது நீதிபதிகளால் ஒருமனதாகச் செல்லாததாக்கப்பட்டது.

3ஆம் பிரிவைப் பொறுத்தவரை, போதைப்பொருள் கடத்தலுக்குக் கட்டாய மரண தண்டனை விதிப்பது இஸ்லாத்துக்கு முரணானது, ஆகவே செல்லாது என்ற வாதம் 1988இலேயே உச்ச நீதிமன்றத்தின் (இன்றைய கூட்டரசு நீதிமன்றத்தின் அன்றைய பெயர்) முன் வைக்கப்பட்டது. துன் சாலே அபாஸ் தலைமையிலான அமர்வு அதை ஏற்கவில்லை. நாட்டின் எல்லாச் சட்டங்களையும் ஷரியாவோடு உரசிப் பார்க்கும் உரைகல்லாக அப்பிரிவு அமையவில்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

பினாங்கு வாசகர்:

வழக்கறிஞர் ஐயா சொன்ன சட்டநிலையை மறுக்கவில்லை. அதன் விளைவைப் பற்றியே எனக்கு முரண்பாடு. இஸ்லாமிய விதிகள் பொறித்த பழைய திரங்கானு கல்வெட்டைப் பார்த்தால், இஸ்லாமியச் சட்டம் இம்மண்ணில் பிரிட்டிஷ் ஆட்சிக்குப் பல நூற்றாண்டு முன்பே வேரூன்றியது தெரியும். 1927இல் மலாய் மாநிலங்களின் மேல்முறையீட்டு நீதிமன்றமே, அது அயல்நாட்டுச் சட்டமன்று, இந்நாட்டின் சட்டமே என்று கூறியது. அப்படிப்பட்ட சட்டத்தைக் குடும்ப விவகாரங்களுக்குள்ளும் சில்லறைக் குற்றங்களுக்குள்ளும் குறுக்கியது காலனிய ஏற்பாடு. நாடாளுமன்றம் தொடக்கூடிய எதையும் மாநிலம் தொடக்கூடாது என்றால், மாநிலத்துக்கு எஞ்சுவது கல்வத் (மணஉறவில்லாத ஆணும் பெண்ணும் தனித்திருத்தல்), நோன்பு மாதப் பகலில் உண்பது, ஜும்ஆ தொழுகைக்கு வராமை போன்றவைதானே?

தண்டனையிலும் வரம்பு இருக்கிறது. 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஷரியா நீதிமன்றம் அதிகபட்சமாக மூன்று ஆண்டுச் சிறை, 5,000 ரிங்கிட் அபராதம், ஆறு பிரம்படி ஆகியவற்றையே விதிக்கலாம். அதை உயர்த்துவதற்காக 2016இல் இஸ்லாமியக் கட்சியான பாஸின் தலைவர் ஹாடி அவாங் கொண்டுவந்த தனிநபர் மசோதா நிறைவேறவில்லை. இந்நிலையை மாற்ற விரும்புவோர் அரசியலமைப்பைத் திருத்த மூன்றில் இரு பங்கு ஆதரவைத் திரட்ட வேண்டுமே தவிர, நீதிபதிகளை ஏசுவதில் பயனில்லை என்பதை நானும் ஏற்கிறேன்.

கிள்ளான் வாசகி:

வினவியவரின் இரண்டாவது கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. நம் குடும்பங்களைத் தொட்ட கேள்வி அதுதான் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

1988இல் சேர்க்கப்பட்ட 121(1ஏ) பிரிவு, ஷரியா நீதிமன்றத்தின் அதிகார எல்லைக்குள் வரும் விவகாரங்களில் உயர்நீதிமன்றங்களுக்கு அதிகாரம் இல்லை என்கிறது. ஷரியா நீதிமன்றத்தின் ஆணைகளை சிவில் நீதிமன்றங்கள் புறந்தள்ளுவதைத் தடுப்பதே அதன் நோக்கம். சிவில் முறையில் மணந்த தம்பதியரில் ஒருவர் மட்டும் இஸ்லாத்தைத் தழுவும்போது என்ன செய்வது என்பதை அது சொல்லவில்லை. மதம் மாறியவர் ஷரியா நீதிமன்றத்தில் குழந்தைகளின் பராமரிப்பு ஆணையைப் பெற்றுவிடுவார். மாறாத மனைவி அங்கே வழக்காட முடியாது. சிவில் நீதிமன்றமோ தனக்கு அதிகாரமில்லை என்று தயங்கும். ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தி 2009 முதல் இந்த இடுக்கில்தான் சிக்கியிருந்தார். அவருடைய மூன்று குழந்தைகளையும் அவருக்குத் தெரியாமலே கணவர் மதம் மாற்றியிருந்தார்.

2018 ஜனவரி 29 அன்று கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக அந்த மதமாற்றச் சான்றிதழ்களை ரத்து செய்தார்கள். சிவில் திருமணத்தில் பிறந்த பிள்ளையை மதம் மாற்றத் தாய், தந்தை இருவரின் ஒப்புதலும் வேண்டும் என்பது ஒன்று. மதமாற்றத்தைப் பதியும் அதிகாரியின் செயலைச் சீராய்வு செய்யும் அதிகாரம் உயர்நீதிமன்றத்தின் அடிப்படை இயல்பைச் சேர்ந்தது, 121(1ஏ) அதைப் பறிக்காது என்பது இன்னொன்று. பின்னாளில் பயன்படப்போவது இரண்டாவதுதான் என்பது என் கணிப்பு.

அந்த ஆண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, ஒருவர் மதம் மாறினாலும் அந்த சிவில் திருமணத்தின் விவாகரத்து சிவில் நீதிமன்றத்திலேயே தீர்க்கப்பட வேண்டும். ஆனால் பிள்ளைகளின் ஒருதலைப்பட்ச மதமாற்றத்தைத் தடுக்கும் வகையில் முதல் மசோதாவில் இருந்த 88ஏ விதி, நிறைவேறும் முன்பே கைவிடப்பட்டது. ஆகவே அந்தப் பாதுகாப்பு இன்று தீர்ப்பில் இருக்கிறதே தவிர, நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் இல்லை. பெர்லிஸ் மாநிலத்தில் தன் மூன்று பிள்ளைகளும் மதம் மாற்றப்பட்ட ஒரு தாய், இந்திரா காந்தி தீர்ப்பு ஏற்கெனவே இருந்தும், 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றுதான் நியாயம் பெற்றார்.