தெருவுக்கும் சந்துக்கும் ஆகும் செலவை அங்கே மனை வைத்திருப்பவர்தான் தர வேண்டுமா?

சந்துவாசி:

தெரு போடும்போதும், பின்சந்தைச் சீரமைக்கும்போதும், அதை ஒட்டி மனை வைத்திருப்பவர்களிடம் செலவில் ஒரு பங்கை வசூலிக்கிற வழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. சொத்து வரி வேறு, இது வேறு. இது நியாயமா இல்லையா என்று பேசலாம். என் கட்சியை முதலில் சொல்லிவிடுகிறேன்: நியாயம்தான்.

ஒரு பின்சந்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் வீடுகளின் பின்வாசல். வேறு எங்கும் போக அது வழி இல்லை. அதற்குத் தார் போட்டு வடிகால் அமைத்தால் மழைத் தண்ணீர் கொல்லைக்குள் வராது, வண்டியைப் பின்பக்கமாகவே உள்ளே விடலாம், வீட்டின் விலையும் ஏறும். இத்தனையும் அந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும் கிடைக்கிற பலன். ஊரின் மறுகோடியில் இருப்பவர் அந்தச் சந்துக்குள் வாழ்நாளில் ஒருமுறைகூட வரமாட்டார். அவருடைய வரிப்பணத்தில் ஏன் போட வேண்டும்?

இது புது யோசனையும் இல்லை. இங்கிலாந்தில் 1427-லேயே சதுப்பு நிலங்களின் கரைக்கும் வடிகாலுக்கும் ஆகும் செலவை, அதனால் பலனடையும் நிலக்காரர்கள்மேல் போட ஆணையர்களுக்குச் சட்டம் அதிகாரம் கொடுத்தது. கொலம்பியாவில் 1921 முதல் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. பொதுப் பணியால் நிலத்தின் மதிப்பு ஏறினால், அந்த ஏற்றத்தில் ஒரு பங்கைப் பொதுவுக்குத் திருப்பிக் கொடு என்பதுதான் கணக்கு.

முகப்புமனை:

உங்கள் சந்துக் கதை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நோட்டீஸ் சந்துக்கு மட்டுமா வருகிறது?

என் அம்மாவுக்கு வந்தது தெருவுக்கான நோட்டீஸ். அப்பா போன பிறகு அம்மா ஓய்வூதியத்தில்தான் இருக்கிறார். நாற்பது வருடமாக ஒரு வரி பாக்கி வைத்ததில்லை. அந்த நாற்பது வருடத்தில் அந்தத் தெருவில் நடந்த வேலை குழிக்கு ஒட்டுப் போட்டது மட்டும்தான். பக்கத்துப் பெரிய சாலையில் நெரிசல் கூடியதும் லாரிகள் எங்கள் தெருவைக் குறுக்குவழி ஆக்கிக்கொண்டன. கடைசியில் அடிப்படை ஜல்லி வரை தெரு நாசமாகிப் போனது. அப்போது வருகிறார்கள், தெருவைப் புதிதாகப் போடுகிறோம், உங்கள் முகப்பு இத்தனை நீளம், உங்கள் பங்கு இவ்வளவு என்று.

விலை ஏறும் என்கிறீர்கள். அம்மா அந்த வீட்டை விற்கப் போவதில்லை. அவர் கைக்கு வரவே வராத ஒரு லாபத்துக்கு, கையில் இருக்கிற பணத்தைக் கேட்கிறார்கள். கட்டாவிட்டால் அந்தத் தொகை வீட்டின் மேல் கடனாக ஏறும். வரி பாக்கி மாதிரியே வசூலிப்பார்கள். இதைத்தான் நியாயம் என்கிறீர்களா?

அளவுநாடா:

நான் சாலைப் பணியில் இருந்தவன். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இருவரும் வெவ்வேறு வேலையைப் பற்றிப் பேசுகிறீர்கள். இல்லாத தெருவைப் புதிதாகப் போடுவது ஒன்று. இருந்த தெரு தேய்ந்த பிறகு மறுபடி போடுவது இன்னொன்று. இந்த இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்தால் சண்டை தீராது.

ஜெர்மனியில் இதைத் தனித்தனியாகவே வைத்திருக்கிறார்கள். முதன்முதலாகத் தெரு அமைத்தால் நகராட்சி குறைந்தது 10 சதவீதத்தை ஏற்க வேண்டும், மீதியை மனைக்காரர்களிடம் கேட்கலாம். மண் பாதை தெருவாகும்போது மனை வீடு கட்டத் தகுந்த மனையாகிறது. அந்த லாபம் கண்ணுக்குத் தெரிவது என்பதால் இதைப் பற்றி அங்கே சண்டை குறைவு. பழைய தெருவைப் புதுப்பிக்க வாங்கும் கட்டணம்தான் தனிச் சண்டையானது. பெர்லின் அதை 2012-இல் ரத்து செய்தது. பவேரியாவில் ஒரு கையெழுத்து இயக்கம் கொடுத்த நெருக்கடியில் 2018-இல் எடுத்துவிட்டார்கள். வேறு பல மாநிலங்களும் அதே வழியில் போயின.

அடுத்து, பலன் என்றால் என்ன என்ற கேள்வி. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலச் சட்டப்படி, ஒரு மனைமேல் போடும் கட்டணம் அந்த வேலையால் அந்த மனைக்குக் கிடைத்த தனிப் பலனைத் தாண்டக் கூடாது. அதை அளப்பது சந்தை மதிப்பை வைத்து: வேலைக்கு முன் என்ன விலை போகும், பின் என்ன விலை போகும், அந்த வித்தியாசம். அதற்கு மேல் கேட்டால் நீதிமன்றம் போகலாம். தேய்ந்த தெருவை மறுபடி போடுகிற வேலையில் நகராட்சிகள் திணறுவது இங்கேதான். இருந்த தெரு திரும்ப வந்ததற்கு விலை எவ்வளவு ஏறியது என்று காட்டுவது லேசு இல்லை.

இந்த வரம்பு ஏன் வேண்டும் என்பதற்கு 1898-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இருக்கிறது, நார்வுட் எதிர் பேக்கர். ஒஹாயோவில் ஒரு பெண்மணியின் நிலத்துக்கு நடுவே தெரு போட, நார்வுட் ஊராட்சி ஒரு துண்டை எடுத்துக்கொண்டது. இழப்பீடு 2,000 டாலர் என்று முடிவானது. பிறகு அந்த 2,000 டாலரையும் வழக்குச் செலவையும் சேர்த்து, தெருவால் பலனடைந்தவர் நீங்கள்தான் என்று அவருடைய மிச்ச நிலத்தின் மேலேயே கட்டணமாகப் போட்டது! நிலமும் போய், அதற்கான பணமும் போய், மேலே கையிலிருந்தும் கொடுக்க வேண்டிய நிலை. பலனைக் கணிசமாக மிஞ்சுகிற கட்டணம் இழப்பீடு இல்லாமல் சொத்தைப் பறிப்பதற்குச் சமம் என்று நீதிமன்றம் சொன்னது.

மூலைமனை:

யாராவது மூலை மனைக்காரர்களையும் நினையுங்கள். முகப்பு நீளத்தை வைத்துப் பிரித்தால் எங்களுக்கு இரண்டு பக்கமும் கணக்கு வருகிறது. முன் தெருவுக்கு ஒருமுறை, பக்கத் தெருவுக்கு ஒருமுறை, பின்னால் சந்து இருந்தால் மூன்றாவது முறை. நான் வைத்திருப்பது ஒரு வீடு, நுழைவது ஒரு வாசல் வழியாக. பக்கத் தெரு புதிதானதால் என் வீட்டின் விலை இன்னொரு மடங்கு ஏறிவிடவில்லை.

அளவுநாடா:

ஆமாம், பழைய குறை அது. அதனால்தான் சில ஊர்களில் மூலை மனைக்குப் பக்கவாட்டு நீளத்தில் ஒரு பகுதியை விட்டுவிடுகிறார்கள், அல்லது நீளத்தைப் பார்க்காமல் வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிக்கிறார்கள். எந்த அளவுகோலிலும் ஒருவருக்கு வலிக்கும். முகப்பில் பிரித்தால் மூலை மனை, பரப்பளவில் பிரித்தால் குறுகி நீண்ட மனை, வீட்டுக்கு ஒன்று என்றால் சின்ன வீடு.

வாடகைக்குடி:

எல்லோரும் சொந்த வீட்டுக்காரர்களாகவே பேசுகிறீர்கள். நான் வாடகைக்கு இருப்பவன். முகப்புமனை சொல்கிறபடி கட்டணத்தை ஒழித்துப் பொதுப் பணத்திலிருந்து போட்டால் அந்தப் பணம் எங்கிருந்து வரும்? நான் வாங்கும் ஒவ்வொரு பொருளின் வரியிலிருந்தும் வரும். தெரு புதிதானதும் வீட்டின் மதிப்பு ஏறும், அதைக் காரணம் காட்டி வாடகையும் ஏறும். ஆக, தெருவுக்கும் நான் கொடுக்கிறேன், தெரு நன்றாக இருப்பதற்கும் நான் கொடுக்கிறேன். சொத்து யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் கேட்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

உங்கள் அம்மாவை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவருக்குப் பின் அந்த வீடு உங்களுக்கு வரும். எனக்கு அப்படி எதுவும் வரப்போவதில்லை.

முகப்புமனை:

நீங்கள் சொன்னது என்னைத் தொட்டது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தக் கட்டணத்தையும் வீட்டுக்காரர் வாடகையில் சேர்த்து உங்கள் தலையில்தான் இறக்கப் பார்ப்பார். இந்த முறையும் உங்களைக் காப்பாற்றவில்லை.

என் முக்கியமான கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. தெரு ஏன் கெட்டது? விரிசலை அவ்வப்போது அடைத்து, மேல்பூச்சைக் காலத்தில் போட்டிருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்காது, ஜல்லி இளகியிருக்காது. அந்தப் பராமரிப்பு நகராட்சியின் சொந்தச் செலவு. முழுவதும் பெயர்த்துப் போட்டால் அது மனைக்காரர் பங்களிப்பு. அப்புறம் எந்த நகராட்சி விரிசலை அடைக்கும்? காத்திருந்தால் பில் வேறொருவருக்குப் போய்விடும். ஜெர்மனியில் இந்தக் கட்டணத்தை எதிர்த்தவர்களும் இதைத்தான் கேட்டார்கள். சும்மா இருந்ததால் ஆன நஷ்டத்தை என் அம்மாவிடம் கேட்காதீர்கள்.

தேய்த்தது யார் என்றும் பாருங்கள். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய்ஸில் சாலைகள் போட்டு, அவற்றின்மேல் லாரிகளை ஓட்டிச் சோதித்தார்கள், ஆஷோ சாலைச் சோதனை என்று பெயர். சக்கர அச்சின் மேல் ஏறும் எடை இரண்டு மடங்கானால் சேதம் சுமார் பதினாறு மடங்காகும் என்ற விதி அதிலிருந்துதான் வந்தது. எங்கள் தெருவில் இருப்பவர்களின் கார்கள் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு சில லாரிகள் செய்த சேதத்தைச் செய்திருக்காது. லாரிக்காரருக்கு நோட்டீஸ் போகவில்லை.

சந்துவாசி:

விரிசல் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். பராமரிக்காமல் விட்டவரே பிறகு பங்கு கேட்பது சரியில்லை. ஊருக்குப் பொதுவான வண்டிகள் போகிற தெருவை மறுபடி போடும் செலவை ஊர் ஏற்கட்டும். நான் ஆரம்பத்தில் தெருவையும் சந்தையும் ஒன்றாகப் போட்டுப் பேசியது தவறு.

ஆனால் பின்சந்தை விடமாட்டேன். அங்கே லாரிக் கணக்கு வராது. அதிகபட்சம் குப்பை வண்டி வரும், அதுவும் அந்த வீடுகளின் குப்பைக்காகத்தான். முதல்முறை போடுகிற தெருவையும் விடமாட்டேன். மண் பாதையில் மலிவாக மனை வாங்கி, ஊர்ப் பணத்தில் தார் வந்ததும் நல்ல விலைக்கு விற்றுப் போகிறவருக்கு நாம் ஏன் பரிசு கொடுக்க வேண்டும்?

அம்மா மாதிரி இருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. மின்னசோட்டாவில் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர் கஷ்டத்தில் இருந்தால், நகராட்சி விரும்பினால் கட்டணத்தைத் தள்ளிவைக்கலாம். வீடு கைமாறும்போது கட்டினால் போதும். ஜெர்மனியின் ரைன்லாந்து-பலாட்டினேட் மாநிலத்தில், ஒரு தெருவுக்கு ஒரே அடியாகப் பெரிய தொகை கேட்காமல், அந்தப் பகுதி முழுவதும் வருடா வருடம் சிறு தொகை கட்டும் முறைக்கு மாறியிருக்கிறார்கள்.

முகப்புமனை:

தள்ளிவைத்தால் பெரும்பாலும் வட்டியும் சேர்ந்துகொண்டே போகும். நகராட்சி விரும்பினால் என்கிற சொல்லும் எனக்குப் பிடிக்கவில்லை. விரும்பாத நகராட்சியில் இருக்கும் கிழவி என்ன செய்வாள்? வருடா வருடம் சிறு தொகை என்பது பரவாயில்லை, ஆனால் அதற்குச் சொத்து வரி என்று ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது.

முதல்முறை போடும் தெருவுக்கு நான் எதிர்ப்புச் சொல்லவில்லை. சந்துக்கும் சரி, ஒரு நிபந்தனையோடு. அந்தச் சந்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் வேண்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கேட்டால்.

சந்துவாசி:

பெரும்பாலோர் என்றால் பாதிக்கு மேலா? மின்னசோட்டாவில் முகப்பில் 35 சதவீதம் வைத்திருப்பவர்கள் மனு கொடுத்தாலே வேலையை எடுக்கலாம். மனுவே இல்லாவிட்டாலும் நகர மன்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு வாக்கு இருந்தால் போதும். பாதிக்கு மேல் வேண்டும் என்றால், வாடகைக்கு விட்டுவிட்டு வேறு ஊரில் இருக்கும் உரிமையாளர்கள் பதில் போடாமலே வேலையை முடக்கிவிடுவார்கள். சேற்றில் நடப்பது அங்கே குடியிருப்பவர்கள்.

வாடகைக்குடி:

அதைத்தான் நானும் கேட்கிறேன். கையெழுத்து உரிமையாளருக்கு மட்டும்தானா? சந்தில் தினமும் நடக்கிற எங்களை யாரும் கேட்கமாட்டீர்களா?

முகப்புமனை:

கேட்க வேண்டும். இதை நான் யோசித்துப் பார்த்ததே இல்லை.

அளவுநாடா:

முகப்புமனை, அம்மாவின் நோட்டீஸ் இன்னும் கையில் இருந்தால் தேதியைப் பாருங்கள். பணம் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன் அதைப் பாருங்கள். மின்னசோட்டா முறையில், கட்டணத்தைப் பற்றி நகர மன்றம் நடத்தும் விசாரணை நாளிலோ அதற்கு முன்போ எழுத்தில், கையெழுத்திட்டு ஆட்சேபம் கொடுத்திருக்க வேண்டும். வாயால் சொன்னது போதாது. கட்டணம் தீர்மானமான பிறகு 30 நாளுக்குள் நீதிமன்றம் போக வேண்டும். எழுத்தில் கொடுக்காதவருக்கு, தக்க காரணம் இல்லாவிட்டால், அந்தக் கதவு மூடிவிடும். உங்கள் ஊரில் கெடு வேறாக இருக்கலாம், நோட்டீஸிலேயே போட்டிருப்பார்கள். முன்னும் பின்னும் வீட்டின் விலை என்ன என்று ஒரு மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முகப்பு நீளத்தை நீங்களே ஒருமுறை அளந்து பாருங்கள். அளவில் பிழை இருந்து நான் பார்த்திருக்கிறேன்.

முகப்புமனை:

விசாரணைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நாளைக் காலை நாடாவோடு போகிறேன்.