ராஜபாளையம் குட்டிக்குக் காது கேட்கலையோ?

கேள்வி: அண்ணாச்சிமாரே, பாளையங்கோட்டைல இருந்து கேக்கேன். 5 வாரக் குட்டி ஏழுல ஒண்ணு கூப்பிட்டாத் திரும்பல. தாய் தகப்பன் ரெண்டுக்கும் கேக்கு. அடுத்த ஈத்துக்கும் இதே ஜோடியைச் சேக்கலாமா?

பதில் 1: முதல்ல குட்டியைத் தனியா வைங்க. கூட்டத்துல மத்ததைப் பாத்தே எந்திரிச்சிரும். தூங்கும்போது பின்னால நின்னு சாவிக்கொத்தைக் குலுக்குங்க. தரையில தட்டாதீங்க, அதிர்வுல முழிச்சிக்கிடும்.

பதில் 2: சாவி குலுக்கிப் பாத்தா ஒத்தக்காது செவிடு சிக்காது. உங்க தாய் தகப்பனுக்கே ஒரு காதுதான் கேக்கோ என்னவோ! வெள்ளை ரோமத்தோட வார கோளாறு இது. உள்காதுல நிறமிச் செல் இல்லன்னா, பிறந்து 3, 4 வாரத்துல அங்க ரத்த ஓட்டம் கெட்டு, கேக்குற செல்லெல்லாம் செத்துரும். மருந்து கிடையாது. எந்தக் காது கேக்குன்னு கண்டுபிடிக்க பேயர் (BAER) டெஸ்ட்தான் வழி. தலைத்தோல்ல மெல்லிசு ஊசி மின்முனை குத்தி, ஒவ்வொரு காதுலயும் தனித்தனியா க்ளிக் சத்தம் விடுவாங்க. கேக்குற காதுன்னா திரையில அலை எழும்பும், செவிடுன்னா வெறுங்கோடு. 5 வாரத்துக்கு மேல எடுக்கலாம். எங்க எடுக்காங்கன்னு ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரியில விசாரிங்க.

பதில் 3: டெஸ்ட் எடுக்காம இதே ஜோடி வேண்டாம். ரெண்டு காதும் கேக்குற ஜோடிக்கும் செவிட்டுக் குட்டி பிறக்கும், ஆனா குறைவு. ஒத்தக்காது நாயை இனத்துக்கு விடாதீங்க, வீட்டுக் காவலுக்குப் போதும். மூக்கு நிறமி இல்லாம ரோஸா இருந்தாத்தான் விலைன்னு பொறுக்கிப் பொறுக்கிச் சேக்கிறதுதான் பாதி வினை.