மறு: கேம்பர், டோ, காஸ்டர் – தமிழில் என்ன வைக்கலாம்?

வணக்கம். காரின் சக்கரங்கள் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று பார்க்கும் வீல் அலைன்மென்ட்டில் வரும் மூன்று அளவுகளுக்கு, நம் அகராதிக்காகத் தமிழ்ச் சொல் தேடுகிறோம்.

கேம்பருக்கு, அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பதற்கு, அகராதி தொகுக்கும் அண்ணா சொன்ன 'வாட்டம்' நல்ல சொல்தான், மொட்டை மாடியில் தண்ணி ஓடக் கொத்தனார் விடுவதும் அதுதானே, யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஓரிடத்தில் இடிக்கிறது. ரோட்டை நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்வாகவும் போடுவதற்கும் கேம்பர் என்றுதான் பேர். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், ரோடும் அந்தப் பக்கமே சரிந்திருக்கிறது, அதனால் வண்டி லேசாக இடதுபக்கம் இழுக்கும். இதை விளக்கும்போது ரோட்டு வாட்டமும் சக்கர வாட்டமும் ஒரே வரியில் வந்தால் படிக்கிறவர் குழம்பிப் போவார். வாட்டத்தை ரோட்டுக்கே விட்டுவிட்டு, சக்கரத்துக்குச் 'சாய்வு' என்று வைத்துக்கொள்ளலாம்.

கேம்பரில் நேர்மறை (பாசிட்டிவ்), எதிர்மறை (நெகட்டிவ்) என்பதும் வேண்டாங்க. சக்கரத்தின் மேல்பக்கம் வண்டியை நோக்கிச் சாய்ந்தால் உள்சாய்வு, வெளியே சாய்ந்தால் வெளிச்சாய்வு. படம் போடாமலே புரியும்.

டோவுக்கு, அதாவது மேலிருந்து பார்த்தால் இடவலச் சக்கரங்களின் முன்விளிம்புகள் ஒன்றையொன்று நெருங்கியோ விலகியோ இருப்பதற்கு, வந்த 'கால்விரல் கோணம்' பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. 'முன்குவிவு' எனக்கும் முதலில் பிடித்திருந்தது, ஆனால் பின்சக்கரத்துக்கும் இதே அளவு உண்டே, பின்சக்கர முன்குவிவு என்று எழுதினால் நன்றாகவா இருக்கும்? முன்விளிம்புகள் நெருங்கினால் வெறும் குவிவு, விலகினால் விரிவு, அது போதும்.

சரி, எழுதிப் பார்ப்போம். வாரநாளில் கோவை அவிநாசி ரோட்டில் ஆபீசுக்கும், ஞாயிற்றுக்கிழமை ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறவும் ஒரே ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருப்பவருக்கு, முன்சக்கரத்தில் 1 முதல் 1.5 டிகிரி உள்சாய்வு தாராளம். வளைவில் பாடி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரத்தின் தலையும் வெளியே தள்ளப்படும், முன்கூட்டியே கொடுத்த உள்சாய்வு அதை ஈடுகட்டி டயரை முழு அகலத்துக்கும் ரோட்டில் பதிய வைக்கும். செட்டிபாளையம் ரேஸ் ட்ராக்குக்கு என்று 3 டிகிரி வைத்த வண்டியை அப்படியே தினமும் ஓட்டினால் டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும், நின்றபடி பார்த்தால் தெரியவும் தெரியாது.

ஆனால் டயரை வேகமாகத் தின்பது சாய்வை விட, தப்பாக வைத்த குவிவும் விரிவும்தான். டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள், போகும்போது வழவழவென்று போய்த் திரும்பும்போது அரம் மாதிரிக் கையைப் பிடித்தால் கோளாறு அங்கேதான். முன்னால் விரிவு வைத்தால் ஸ்டீயரிங் சட்டென்று திரும்பும், நேர் ரோட்டில் வண்டி அலையும். தினசரி வண்டிக்கு முன்னால் 0, பின்னால் கொஞ்சம் குவிவு என்று வைப்பதே நிம்மதி. சாய்வை மாற்றினால் குவிவும் மாறிவிடும், ஆகவே குவிவைக் கடைசியில் சரிசெய்ய வேண்டும்.

இந்த இரண்டு பத்தியிலும் சொற்கள் எங்கேயும் முட்டவில்லை என்று நினைக்கிறேன்.

காஸ்டருக்குத்தான் சரியாக ஒன்றும் அகப்படவில்லை. சைக்கிள் ஹேண்டில் தண்டு பின்னால் சரிந்திருக்கிறதே, காரின் முன்சக்கரம் திரும்பும் அச்சுக்கும் உள்ள அந்தச் சரிவுதான் விஷயம், திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேராவதற்குக் காரணமும் அதுவே. அச்சுச் சரிவு என்றால் மாட்டுவண்டி அச்சு ஞாபகம் வருகிறது, தண்டுச் சரிவு என்றால் ஸ்டீயரிங் தண்டு என்று நினைப்பார்கள். அப்புறம் யாராவது நல்லதாகச் சொல்லும்வரை காஸ்டராகவே இருக்கட்டும்.

அகராதியில் ஏற்றும்போது கேம்பர், டோ என்பதையும் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள் அண்ணா, அலைன்மென்ட் கடையில் போய் அதைத்தான் சொல்லியாக வேண்டும்.