யோர்க் நகரில் ஒருநாள்: வயதான பெற்றோருடன் எவற்றைப் பார்க்கலாம்?

கல்லடி மகள்:
வணக்கம். வரும் வைகாசியில் அம்மாவையும் அப்பாவையும் அழைத்துக்கொண்டு இங்கிலாந்தின் லீட்ஸில் வசிக்கும் தம்பியிடம் செல்கிறேன். அங்கிருந்து ஒருநாள் யோர்க் நகரைப் பார்த்து வர எண்ணியுள்ளோம். அப்பா புகையிரதத் திணைக்களத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் படிகள் ஏறுவது கடினம். அந்நகரை அறிந்தவர்கள் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

களுவாஞ்சிகுடியான்:
அக்கா, நான் சில காலமாக யோர்க்கிலேயே குடியிருக்கிறேன். அப்பாவை முதலில் தேசிய புகையிரத அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் வந்து இறங்கும் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் அது இருக்கிறது. நுழைவுக் கட்டணமும் இல்லை. 1938 ஆம் ஆண்டு ஜூலை 3 ஆம் திகதி மணிக்கு 126 மைல் வேகத்தில் ஓடி, நீராவி இயந்திரங்களில் இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனையைப் படைத்த ‘மல்லார்ட்’ அங்கேதான் நிற்கிறது. ஜப்பானின் முதலாவது அதிவேகப் புகையிரத வகையைச் சேர்ந்த பெட்டியொன்றும் அங்கு உண்டு. அவருக்கு இரண்டு மணித்தியாலமாவது ஒதுக்குங்கள்.

அதன் பின்னர் நகர மதிலின் மேல் நடந்து பாருங்கள். ஏறக்குறைய 3.4 கிலோமீற்றர் நீளமான அந்த மதில் முழுவதையும் சுற்ற வேண்டியதில்லை. பூத்தம் பார் வாயிலில் ஏறி மங்க் பார் வாயிலில் இறங்கினால், மரங்களுக்கு மேலாக ‘யோர்க் மின்ஸ்டர்’ என்னும் கிறிஸ்தவப் பேராலயம் எழுந்து நிற்கும் மிக அழகான காட்சியைக் காணலாம்.

ஆரையம்பதி ஆசிரியை:
மதில் நடை அப்பாவுக்குப் பொருந்தும். அம்மாவுக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். ஏறும் படிகள் ஒடுக்கமானவை, உட்புறத்தில் பல இடங்களில் தடுப்புக் கம்பி கிடையாது, மழை பெய்திருந்தால் கல் வழுக்கும். நீங்கள் இருவரும் மேலே நடக்கும் வேளையில் அம்மாவும் தம்பியும் மியூசியம் கார்டன்ஸ் பூங்காவில் அமர்ந்திருக்கட்டும். எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் 1539 இல் மூடப்பட்ட புனித மரியாள் மடாலயத்தின் இடிந்த வளைவுகள் அந்தப் புல்வெளியிலேயே நிற்கின்றன.

பேராலயத்தைத் தவறவிடாதீர்கள். கட்டணம் சற்று அதிகம்தான். ஆயினும் அதன் கிழக்குச் சாளரம் ஒன்றுக்காகவே அதைக் கொடுக்கலாம். ஜோன் தோர்ன்டன் என்னும் கண்ணாடிக் கலைஞரின் பட்டறை 1405 முதல் 1408 வரை உழைத்து, உலகத்தின் தோற்றத்தையும் முடிவையும் ஒரு டென்னிஸ் மைதானம் அளவுக்கு விரிந்த வண்ணக் கண்ணாடியில் தீட்டியிருக்கிறது. மேற்பகுதிகள் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் இருப்பதால் சிறிய தொலைநோக்கி ஒன்று இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். கோபுரத்துக்கு 275 படிகள்; அதை விட்டுவிடுங்கள். மாலையில் பாடகர் குழு பாடும் வழிபாட்டுக்குக் கட்டணமின்றி அனுமதிப்பார்கள். அந்தக் குரல்கள் கல் கூரையெங்கும் நிறைவதை அம்மா அமர்ந்தபடியே கேட்கலாம். அது நடைபெறும் நாளையும் நேரத்தையும் பேராலயத்தின் இணையத்தளத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். வைகாசியில் அங்கே இரவு ஒன்பது மணியளவிலேயே சூரியன் மறைவதால், வழிபாடு முடிந்து புகையிரத நிலையத்துக்கு வெளிச்சத்திலேயே நடந்துவிடலாம்.

கல்லடி மகள்:
இருவருக்கும் மிக்க நன்றி. ஆசிரியை அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும். நாங்கள் சைவர்கள், அம்மா மாமாங்கேஸ்வரருக்கு விரதம் இருப்பவர். அந்த வழிபாட்டில் நாங்கள் அமர்வது முறையாகுமா?

ஆரையம்பதி ஆசிரியை:
தாராளமாக அமரலாம். நானும் சைவப் பெண்தான். யாரும் மதத்தைக் கேட்பதில்லை. அந்த மாலை வழிபாட்டில் நற்கருணை (கிறிஸ்தவர்கள் பெறும் அப்பமும் இரசமும்) வழங்கப்படுவதில்லை என்பதால் எழுந்து முன்னே செல்ல வேண்டிய தேவையும் இல்லை. மற்றவர்கள் எழும்போது எழுந்தால் போதும். அம்மாவுக்கு முழங்கால் வலித்தால் அமர்ந்தே இருக்கலாம். கைப்பேசியை அணைத்துவிடுங்கள், படம் எடுக்க வேண்டாம். தொடங்குவதற்குக் கால் மணித்தியாலம் முன்னதாகச் சென்றால் பாடகர்களுக்கு அருகில் இடம் கிடைக்கும்.