அடக்கத்துக்குப் பின் வந்த நாட்களில்

என் கணவர் மாரடைப்பில் காலமான பிறகு வீட்டுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர், "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்" என்று வேதாகமத்தில் பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்த யோபு சொன்ன வசனத்தையே எனக்கு ஆறுதலாகச் சொன்னார்கள். அன்போடுதான் சொன்னார்கள். ஆயினும் அதைக் கேட்கக் கேட்க, அழுவதே அவிசுவாசமோ என்ற அச்சம் எனக்குள் வளர்ந்து, ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வராத நிலைக்கு வந்துவிட்டேன்.

அந்த நாட்களில் தரங்கம்பாடியிலிருந்து என் பெரியம்மா வந்து என்னோடு தங்கினார். 2004 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸுக்கு மறுநாளான அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில், மகளையும் பேரனையும் சுனாமியில் கடலுக்குப் பறிகொடுத்தவர் அவர். விசுவாசம் குறைந்ததால்தான் சாவு வந்தது என்று எவராவது பேசினால், வேளாங்கண்ணிக்கு வேண்டுதலோடு வந்திருந்தவர்களும் அதே காலையில்தானே மாண்டார்கள் என்று கேட்டு, அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவார்.

அவர் எனக்கு யோபுவின் மூன்றாம் அதிகாரத்தை வாசித்துக் காட்டினார். ஸ்தோத்திரம் சொன்ன அதே யோபு அங்கே தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். ஆனாலும் முடிவில், அவனுக்குப் புத்தி சொன்ன சிநேகிதர்கள் அல்ல, அவனே சரியாகப் பேசினான் என்று தேவன் சொல்கிறார். வேதத்தின் ஜெபப்பாடல்களில் ஒன்றான 88ஆம் சங்கீதம் ஓர் ஆறுதல் வார்த்தைகூட இல்லாமல் இருளில் முடிகிறது. எனினும் முதல் வரியிலிருந்தே அது தேவனை நோக்கிய கூப்பிடுதல். "கோபமாக இருந்தால் அவரிடமே சொல்லம்மா, வேறு யாரிடம் போய்ச் சொல்வாய்?" என்றார் பெரியம்மா. அன்றிரவு நான் செய்த ஜெபம் முழுவதும் முறையீடுதான். ஆனால் அது ஜெபம்.

பிறகு என்னைத் தரங்கம்பாடிக்கு அழைத்துப்போய்ப் புது எருசலேம் ஆலயத்தில் ஜெர்மானிய மிஷனரியான சீகன்பால்க் ஐயரின் கல்லறையைக் காட்டினார். 1706இல் இந்தக் கரையில் இறங்கிய அவர், 1718இல் அந்த ஆலயம் பிரதிஷ்டையான சில மாதங்களிலேயே, 1719 பிப்ரவரியில் 36 வயதில் மரித்தார். என் கணவரைவிட இளையவர். மணமாகிச் சில ஆண்டுகளே ஆன அவருடைய மனைவியும் இந்தக் கல்லறையைப் பார்த்து அழுதிருப்பார் என்ற எண்ணம் வந்தபோது, ஆலயத்துக்குள் முதன்முறையாக வெட்கமின்றி அழுதேன்.

ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப்பிரமாணத்தில் சரீரம் உயிர்த்தெழுதலைச் சொல்லும் இடத்தில் இன்றும் சில வாரங்களில் என் குரல் எழுவதில்லை. அப்போது சபையார் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். துக்க வீடுகளுக்குப் போகும்போது நானும் பெரியம்மாவும் முதலில் பேசாமல் அவர்களோடு உட்கார்ந்துகொள்கிறோம். அவர்களாகக் கேட்டால் மட்டுமே வேதத்தைத் திறக்கிறோம்.